பணத்துக்குத் தீட்டு இல்லை

சென்ற மாதம் எங்கள் கிராமத்திலிருந்து இரண்டு பேர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் எனக்குப் பெரியப்பா முறை, எண்பதை நெருங்குகிறவர். மற்றவன் அவருடைய பேரன். கையில் ரசீதுப் புத்தகம் வைத்திருந்தான். ஊர் மாரியம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகமாம். வெளியூரில் பிழைக்கிற ஊர்க்காரர்களிடமெல்லாம் வரி வசூலித்துக்கொண்டு வருகிறார்கள். என் தலைக்கு எவ்வளவு என்பதை அவர்களே தீர்மானித்து எழுதியும் வைத்திருந்தார்கள். ஓர் எழுத்தாளனுடைய வருமானத்தைப் பற்றி என் ஊர் இத்தனை உயர்வான அபிப்பிராயம் வைத்திருப்பது எனக்கே புதிய செய்தி.

காப்பி வந்தது. நான் ஒரு கேள்வி கேட்டேன்.

"பெரியப்பா, இந்தத் தடவையாவது கீழத்தெருக்காரர்கள் கோயிலுக்குள் வருவார்களா?"

"யாருப்பா தடுத்தா? சட்டம் இருக்கு. யாரும் வேணாம்னு சொல்லலை. அவங்களாத்தான் வர்றதில்லை."

"வரச்சொல்லிக் கூப்பிட்டீர்களா?"

பெரியப்பா காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீ புஸ்தகம் எழுதுறவன். ஒண்ணு நெனச்சுப் பாரு. சாமி பயம்னு ஒண்ணு இருக்கிறதாலதான் நாட்டுல இம்புட்டாச்சும் நியாயம் இருக்கு. அதுவும் போச்சுன்னா மனுசன் மனுசனைக் கடிச்சுத் தின்னுருவான். மதம் நல்லது செய்யுதா கெட்டது செய்யுதான்னு ரோசனை பண்றதே பாவம்."

நான் கேட்ட கேள்வி வேறு. அவர் சொன்ன பதில் வேறு. ஆனால் அந்தப் பதில் எனக்குப் பழக்கமானதுதான். கல்லூரிப் பேராசிரியர்கள் அதையே இங்கிலீஷில் சொல்வார்கள். பட்டிமன்றத்தில் எதுகை மோனையோடு சொல்வார்கள். மதத்தால் சமூகத்துக்கு நன்மை அதிகமா, தீமை அதிகமா? ஒரு தட்டில் அன்னசத்திரம், ஆஸ்பத்திரி, கோபுரம், தேவாரம். மறு தட்டில் சிலுவைப் போர், பிரிவினைக் காலத்துக் கொலைகள். கடைசியில் நடுவர் மணியடித்து, இரண்டும் உண்டு என்று சொல்லி, எல்லாரும் பொன்னாடையை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

எனக்கு இந்தத் தராசில் நம்பிக்கை இல்லை. மதம் செய்கிற நன்மைகளை நான் மறுக்கவில்லை. பசித்தவனுக்குச் சோறு போடுவது நன்மைதான். அதை மதமில்லாதவனும் போட முடியும். வயிறு வித்தியாசம் கண்டுபிடிக்காது. ஆனால் மதம் செய்கிற தீமைகளில் ஒரு வகை உண்டு. அதை மதத்தைத் தவிர வேறு எதனாலும் செய்ய முடியாது என்பது என் கட்சி. கொலைகாரன் செய்கிற தீமையை அது சேராது. நல்லவள் ஒருத்தி, குளித்து முழுகி, விரதமிருந்து, கண்ணில் ஈரத்தோடு செய்கிற தீமை அது. அப்படிப்பட்ட ஒருத்தியை எனக்குத் தெரியும்.

எங்கள் அப்பத்தா நல்லவள். இதை முதலில் எழுதிவிடுகிறேன். ஆடி மாதம் பிறந்தால் வீட்டு வாசலில் கூழ்ப்பானை இறங்கும். வெள்ளிக்கிழமை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். பிச்சை கேட்டு வந்தவன் எங்கள் வாசலிலிருந்து வெறுங்கையோடு போனதாக எனக்கு ஞாபகமில்லை. ஒரு தடவை குட்டி போட்டிருந்த தெரு நாய்க்காக, எங்களுக்கு வைத்திருந்த பாலை ஊற்றிவிட்டு எங்களிடம் திட்டு வாங்கினாள்.

கீழத்தெருவில் ஒரு கிழவி இருந்தாள். எங்கள் வயலில் நடவு நட்டவள். அதைவிட முக்கியம், ஊருக்கே மருத்துவச்சி. என் தகப்பனாரை இந்த உலகத்துக்குள் இழுத்துவிட்ட கைகள் அவளுடையவை. அந்த உடம்பை முதன்முதலில் தொட்டவள் அவள். அப்பத்தா இரண்டாவதாகத்தான் தொட்டாள். தீட்டுக் கழிந்ததும் அந்த மருத்துவச்சி கொல்லைப்புறத்து முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். அதற்குப் பிறகு நாற்பது வருஷம் அவள் அந்த மரத்தைத் தாண்டி வரவில்லை. அவளுக்குக் கஞ்சி சிரட்டையில்; மேலேயிருந்து ஊற்றவேண்டும். அவள் எழுந்து போனதும் உட்கார்ந்த இடத்தில் சாணித் தண்ணீர் தெளிக்கப்படும். அப்பத்தா அதைக் கோபமாகத் தெளித்ததே இல்லை. "பாவம், மவராசி" என்று சொல்லிக்கொண்டே தெளிப்பாள்.

எனக்கு ஒன்பது வயதில் எங்கள் ஊரில் ஒரு கும்பாபிஷேகம் நடந்தது. கீழத்தெருவின் எல்லை ஒரு புளிய மரம். அந்த மரத்தடியில் வந்து அந்தக் கிழவி நின்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்தாள். வசூல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், "கீழ வையி" என்றார். வைத்தாள், தள்ளி நின்றாள். அவர் எடுத்து உண்டியலில் போட்டார். நோட்டின்மேல் யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை. பணத்துக்குத் தீட்டு இல்லை என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சாஸ்திரம் எவ்வளவு நுணுக்கமானது!

பூசை முடிந்ததும் அப்பத்தா என் கையில் திருநீறு கொடுத்து, "ஓடிப்போய் அவளுக்குக் குடுத்துட்டு வா. கை மேல படாமப் போடு" என்றாள். நான் ஓடினேன். கிழவி குனிந்து இரண்டு கையையும் ஏந்தினாள். நான் உயரத்திலிருந்து போட்டேன். காற்றில் பாதி கையில் விழுந்தது. பாதி மண்ணில் விழுந்தது. அவள் மண்ணில் விழுந்ததையும் மண்ணோடு சேர்த்து அள்ளி நெற்றியில் பூசிக்கொண்டாள். திரும்பி வந்தேன். "பட்டுச்சா?" என்று அப்பத்தா கேட்டாள். "படல" என்றேன். "எம் பேரன் நல்ல பிள்ளை" என்று தலையைத் தடவினாள்.

ஒன்பது வயதுப் பையனுக்குத் தன்னால் இந்த யோசனை வராது. பையன்கள் மண்ணிலும் சேற்றிலும் விழுந்து புரளுகிறவர்கள். ஒரு கிழவியின் உள்ளங்கை அசுத்தம் என்று அவனுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும். அதைத் தூஷணமாகச் சொன்னால் அவன் எதிர்த்துப் பேசக்கூடும். பக்தியாகச் சொல்லிக் கையில் திருநீறும் கொடுத்தால், ஓடிப்போய்ச் செய்துவிட்டு வந்து நல்ல பிள்ளை என்று பெயர் வாங்குவான். நான் வாங்கினேன்.

இது எழுத்தறிவில்லாத ஒரு கிராமத்துக் கிழவியின் அறியாமை, இதை வைத்துக்கொண்டு மதத்தைப் பழிக்கலாமா என்று கேட்பார்கள். சரி. கிழவியை விட்டுவிட்டு ராஜாவைப் பார்ப்போம். படித்தவர், கொடையாளி, ஞானிகளின் நண்பர்: ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி.

விவேகானந்தரைச் சிகாகோ சர்வமத மகாசபைக்குப் போகும்படி ஊக்கப்படுத்தியவர்களில் அவர் ஒருவர். சுவாமிகள் மேல்நாட்டிலிருந்து திரும்பி, 1897 ஜனவரி 26-ஆம் தேதி பாம்பனில் இறங்கியபோது, வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டு ஜனங்கள் இழுத்தார்கள். ஜனங்களோடு சேர்ந்து ராஜாவும் இழுத்தார். மறுநாள் ராமேசுவரம் கோயிலில் விவேகானந்தர் பேசினார். லிங்கத்தில் மட்டும் சிவனைக் காண்கிறவனைவிட, ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்கிறவனே சிவனுக்கு உகந்தவன் என்பது அந்தப் பேச்சின் சாரம். ராஜா உருகிப்போனார். அடுத்த நாளே ஆயிரக்கணக்கான ஏழைகளுக்குச் சோறும் துணியும் வழங்கினார்.

அதே 1897. மே மாதம். அதே ராஜா பரம்பரைத் தர்மகர்த்தாவாக இருந்த கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் போய் வழிபட்டார்கள். வியாபாரத்தில் முன்னுக்கு வந்து, பள்ளிக்கூடம் கண்டு, ஊருக்கு நடுவே கடை வைத்திருந்த மக்கள். சாமி கும்பிட வந்தார்கள். வேறு எதற்கும் வரவில்லை. ராஜா வழக்குப் போட்டார். கோயில் தீட்டுப்பட்டுவிட்டது, இவர்களுக்கு உள்ளே வர உரிமை இல்லை என்று கோர்ட்டு சொல்ல வேண்டும், சுத்தி செய்கிற சடங்குக்கு ஆகும் செலவையும் இவர்களே கட்ட வேண்டும்.

ஜனவரியில் ஏழையிடம் சிவனைப் பார்த்தவர், மே மாதத்தில் வாசலில் வந்து நின்ற மனிதனிடம் தீட்டைப் பார்த்தார். அவர் வேஷதாரி என்று சொல்லிவிட்டால் நமக்கு வேலை சுலபமாகிவிடும். நான் அப்படி நினைக்கவில்லை. வண்டி இழுத்த ராஜாவும் உண்மையானவர். வழக்குப் போட்ட ராஜாவும் உண்மையானவர். இரண்டையும் அவர் பக்தியோடுதான் செய்தார். இதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1899 ஜூனில் சிவகாசியில் கலவரம் வெடித்தது. அங்கேயும் கோயில் நுழைவுதான் விவகாரம். வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பு நாடார்களுக்கு விரோதமாக வந்தது. மேல்முறையீடு நடக்கும்போது ராஜா, என்ன காரணத்தினாலோ, நாடார்களோடு சமரசத்துக்கு முன்வந்தார். கோர்ட்டு அதை ஏற்கவில்லை. கோயிலின் வழக்கத்தைக் காப்பாற்றத்தான் தர்மகர்த்தா. அதை மாற்றுவதற்கு ஒப்புக்கொள்வது நம்பிக்கைத் துரோகம் என்பது நியாயாதிபதிகளின் நோக்கு. பூட்டியவரே திறக்க நினைத்தாலும் சாவி அவர் கையில் இல்லை. 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதே தீர்ப்பை உறுதி செய்தது. கமுதிக் கோயிலில் யார் சாமி கும்பிடலாம் என்பதைத் தேம்ஸ் நதிக்கரையில் உட்கார்ந்திருந்த கனவான்கள் முடிவு செய்தார்கள். அவர்களுக்கும் தீட்டு உண்டுதான். அவர்கள் கமுதிக்கு வந்திருந்தால் வாசலில்தான் நின்றிருக்க வேண்டும். ஆனால் தீர்ப்புக்குத் தீட்டு இல்லை. பணத்தைப் போலத்தான் அதுவும்.

இந்த இடத்தில் கெட்டிக்காரர்கள் ஒரு வாதம் வைத்திருக்கிறார்கள். "நீங்கள் சொல்வதெல்லாம் ஜாதியின் கொடுமை, ஐயா. ஜாதி வேறு, மதம் வேறு. ஜாதியைத் திட்டுங்கள், மதத்தை விட்டுவிடுங்கள்" என்பார்கள். கேட்பதற்கு நியாயமாக இருக்கும். நானும் சில வருஷங்கள் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு ரயிலைப் பற்றி யோசித்தேன்.

சென்னை ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலையில் புறப்பட்டது. மூன்றாம் வகுப்புப் பெட்டியில் இந்த ஜாதிக்கு இந்தப் பலகை என்று யாராலும் பிரிக்க முடியவில்லை. முணுமுணுத்தார்கள், வீட்டுக்கு வந்ததும் தலை முழுகினார்கள், ரயில் நிலையத்துச் சாப்பாட்டு விடுதியில் தனி இடம் கேட்டு வாங்கினார்கள், பிற்காலத்தில் அதுவும் போயிற்று. பெட்டியில் மட்டும் முதலிலிருந்தே தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்கள். பிறகு சினிமாக் கொட்டகை வந்தது. தரை டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தவன் தரையில் உட்கார்ந்தான். பக்கத்தில் யார் என்று இருட்டில் தெரியவில்லை. பஸ், ஆஸ்பத்திரி, தபாலாபீஸ் வரிசை என்று ஒவ்வொன்றிலும் ஜாதி முனகிக்கொண்டே நகர்ந்து இடம் விட்டது. சௌகரியம் என்று ஒன்று எதிரே வந்தால் ஜாதி பேரம் பேசும், விட்டுக்கொடுக்கும். அதுவும் ஒரு வியாபாரிதான்.

மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்கள் நுழைந்தது 1939-இல். ரயில் பெட்டிக்கும் கோயில் வாசலுக்கும் நடுவே 83 வருஷம். ஜாதி இரண்டு இடத்திலும் ஒன்றுதானே? ரயில் பெட்டியில் இல்லாதது எது? கோயில் வாசலில் ஜாதிக்குத் துணையாகக் கடவுள் நின்றார். ரயிலில் ஒட்டி உட்கார்ந்தால் அசௌகரியம். கோயிலில் ஒட்டி நின்றால் பாவம். அசௌகரியத்தை மனிதன் சகித்துக்கொள்வான். தன் குழந்தைக்கு அம்மை போட்டுவிடும் என்று சொன்னால் எதையும் செய்வான். மதம் ஜாதியை உண்டாக்கியதா, ஜாதி மதத்தை உண்டாக்கியதா என்பது பண்டிதர்கள் சண்டை. எனக்குத் தெரிந்ததெல்லாம், தன்னால் நிற்க முடியாமல் போகிற இடத்தில் ஜாதி போய் ஒளிந்துகொள்ளும் அறை எது என்பதுதான்.

இது ஹிந்து மதத்தின் தனிச் சொத்து என்றும் யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம். வேதப் புத்தகத்தில் ஜாதி ஏற்பாடே இல்லாத கிறிஸ்தவர்கள் என்ன செய்தார்கள்? திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வேளாளக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு பக்கம், நாடார் கிறிஸ்தவர்களுக்கு ஒரு பக்கம் என்று கால்சட்டையைப் போல இரண்டு கிளையாக ஒரு மாதா கோயிலைக் கட்டினார்கள். இரண்டு கிளையும் சேருகிற இடத்தில் பீடம். ஆண்டவருக்கு இரண்டு பக்கமும் தெரியும். ஆட்டுக்குட்டிகளுக்கு ஒன்றையொன்று தெரியாது. நடுச்சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. அதெல்லாம் பழைய கதை என்பவர்களுக்கு 2008-ஆம் வருஷத்து எறையூரை நினைவுபடுத்துகிறேன். மாதா கோயிலிலும் சவ ஊர்வலப் பாதையிலும் சமத்துவம் கேட்டு, கிடைக்காமல், தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்றார்கள் தலித் கிறிஸ்தவர்கள். மற்றக் கிறிஸ்தவர்கள் அவர்கள் வீடுகளைத் தாக்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். ஜெபமாலை பிடித்த கைகள்தான் கல்லையும் பிடித்தன.

மதத்தின் பக்கம் நின்று பேச வேண்டுமானால் பேச வேண்டியவர் மதுரை வைத்தியநாதய்யர். அவரைப் பற்றிச் சொல்லாமல் போனால் நான் அயோக்கியன். 1939 ஜூலை 8-ஆம் தேதி கக்கன் முதலிய தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஐவரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சி சந்நிதிக்குள் போனவர் அவர். பிரிவி கவுன்சில் தீர்ப்புக்கு 31 வருஷம் கழித்து ஒரு நாடார் உள்ளே நுழைந்தார் என்பதைக் கவனியுங்கள். அய்யர் ஆசாரமான பக்தர். நாஸ்திகராக இருந்திருந்தால் அவருக்கு அந்த வேலையே இல்லை; அம்மனிடம் நம்பிக்கை இருந்ததால்தான் அம்மனைப் பார்க்க மற்றவர்களை அழைத்துப் போனார். சொந்த ஜாதியாரின் வசவையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டார். இது மதம் செய்த நன்மை இல்லையா? நன்மைதான். தலை வணங்குகிறேன்.

ஆனால் எதிர்ப் பக்கத்தில் நின்றவர்கள் யார்? நாஸ்திகர்களா? அவர்களும் அதே அம்மனின் பக்தர்கள். பட்டர்கள் சிலர் பூசை செய்ய மறுத்தார்கள். மீனாட்சி கோயிலை விட்டு வெளியேறிவிட்டாள் என்று வைதிகர்கள் சொன்னார்கள். ஒரு வீட்டில் தனியாக மீனாட்சியை வைத்துச் சில காலம் பூசையும் நடத்தினார்கள். உலகத்தையே பெற்றவளாக அவர்கள் வணங்குகிற தாய், தன் பிள்ளைகளில் ஆறு பேர் உள்ளே வந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாளாம். ஒரு தெய்வத்தைப் பற்றி இதைவிடக் கேவலமாக எந்த நாஸ்திகனும் பேசியதில்லை.

இந்த இரண்டு பக்திக்கும் நடுவில் வாசலைத் திறந்து வைத்தது எது? சட்டம். ராஜாஜி மந்திரிசபை அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அந்த ஆண்டே முறையான சட்டமும் வந்தது. மாகாணம் முழுவதற்குமான சட்டம் 1947-இல். திருவிதாங்கூரில் 1936 நவம்பர் 12-இல் மகாராஜா கையெழுத்துப் போட்டார்; அதற்கு முன்னால் வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கே, 1924-இலும் 1925-இலும் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது; கடவுள் இல்லை என்று பிற்காலத்தில் ஊரெல்லாம் சொன்ன ஈ.வெ.ரா. அங்கே போய் இரண்டு தடவை சிறையில் இருந்தார். கடவுளைப் பார்க்கிற பாதைக்காக அவர் சிறைக்குப் போனார். கடவுளைத் தினம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பக்தி தானாகவே கதவைத் திறக்கும் என்றால் அதற்கு ஆயிரம் வருஷம் அவகாசம் கொடுத்தாயிற்று.

வடலூரையும் சொல்ல வேண்டும். ராமலிங்க சுவாமிகள் 1867 மே 23-ஆம் தேதி தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. ஜாதி கேட்காமல் சோறு போடுகிற அடுப்பு அது. மதத்தின் கணக்கில் வரவு என்று எழுத எனக்கு ஒரே ஒரு வரிதான் இடம் உண்டு என்று சொன்னால், நான் அந்த அடுப்பைத்தான் எழுதுவேன். ஆனால் அந்த அடுப்பு எரிய ஆரம்பித்த காலத்தில் சைவ உலகம் என்ன செய்துகொண்டிருந்தது? இவருடைய பாடல்களை 'அருட்பா' என்று சொல்லலாமா, 'மருட்பா' என்று சொல்ல வேண்டுமா என்று கோர்ட்டு வரைக்கும் போய்ச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அவரும் கடைசியில் சமயங்களையெல்லாம் விட்டுவிடும்படிதான் சொன்னார். மதத்தின் மிகச் சிறந்த மனிதர் மதத்தைவிட்டு வெளியே வந்து நிற்கிறார். அந்த அடுப்பை மதத்தின் வரவில் எழுதுவதற்கு அவரே சம்மதிப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

எனக்குப் பதில் சொல்லக் கஷ்டமாக இருக்கிற ஓர் ஆள் உண்டு. அம்பேத்கர். நாசிக்கில் காலாராம் கோயில் வாசலில் 1930 மார்ச்சில் சத்தியாக்கிரகம் தொடங்கினார். வருஷக்கணக்காக நடந்தது, கதவு திறக்கவில்லை. 1935-இல் இயோலாவில், ஹிந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். இத்தனையும் பட்டவர் மதமே வேண்டாம் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? சொல்லவில்லை. 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தரானார். மனிதனுக்கு மதம் வேண்டும் என்றே அவர் கருதினார். என்னைவிடப் பல மடங்கு படித்தவர். என்னைவிடப் பல மடங்கு அடிபட்டவர். அவரோடு வாதாட எனக்கு யோக்கியதை இல்லை. ஒன்றை மட்டும் பார்க்கிறேன். அறிவித்த நாளுக்கும் மாறிய நாளுக்கும் நடுவே 21 வருஷம் யோசித்திருக்கிறார். வீடு வாங்குகிறவன் சுவரைத் தட்டிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு மதத்தையும் தட்டிப் பார்த்திருக்கிறார். கடைசியில் படைத்த கடவுளைப் பற்றிப் பேசாத ஒன்றை எடுத்து, அதிலும் தனக்கு வேண்டாதவற்றைக் கழித்து, தம் கையால் 22 உறுதிமொழிகள் எழுதிச் சேர்த்துக்கொண்டு உள்ளே போனார். இப்படி மதத்தைத் தேர்ந்தெடுக்கிற ஜனங்கள் இருந்தால் எனக்கும் ஆட்சேபம் இல்லை. நம்மில் மற்றவர்களுக்கு மதம் தொட்டிலிலேயே கிடைத்துவிடுகிறது. கூடவே யாரைத் தொடக்கூடாது என்ற பட்டியலும்.

எல்லாம் ஐம்பது நூறு வருஷத்துச் சங்கதிகள் என்று சமாதானப்பட்டுக்கொள்ள எனக்கும் ஆசைதான். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி விடவில்லை. 2023 ஏப்ரலில் அங்கே திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித் மக்கள் அடிக்கப்பட்டார்கள். பேச்சுவார்த்தை நடந்தது, பயனில்லை. ஜூன் மாதம் அதிகாரிகள் வந்து கோயிலைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். 2024 மார்ச்சில் ஹைகோர்ட்டு உத்தரவுப்படி திறந்தார்கள். எதற்கு? பூசாரி போய் விளக்கேற்றிப் பூசை செய்துவிட்டு வருவதற்கு. ஜனங்கள் யாருக்கும் அனுமதி இல்லை. 2025 ஏப்ரலில்தான் தலித் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு உள்ளே போய்க் கும்பிட்டார்கள். அவர்களோடு சேர்ந்து கும்பிட மற்றவர்களுக்கு மனம் வரவில்லை.

அந்த அம்மன் யார் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் பக்கத்துக் கூத்தில் நான் விடிய விடியக் கண்விழித்துப் பார்த்திருக்கிறேன். சபை நடுவே இழுத்துவரப்பட்டவள். பெரியவர்களும் தர்மம் தெரிந்தவர்களும் வாய்மூடி உட்கார்ந்திருக்க, எனக்கு நியாயம் சொல்லுங்கள் என்று கதறியவள். அந்தக் கட்டம் வரும்போது மேல்ஜாதி கீழ்ஜாதி என்றில்லாமல் எல்லாப் பெண்களும் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். அவள் பெயரால் கட்டிய கோயில் வாசலில் நியாயம் கேட்டவர்களுக்கு அடி விழுந்தது. அவளையே உள்ளே வைத்துப் பூட்டினார்கள். பூட்டியது அரசாங்கம்தான், ஆனால் பூட்டினாலும் பரவாயில்லை, பகிர்ந்துகொள்ளமாட்டோம் என்று இருந்தவர்கள் அவளுடைய பக்தர்கள்.

திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரிலும் அதே 2023 ஜனவரியில் தலித் மக்கள் மாரியம்மன் கோயிலுக்குள் முதல் முறையாகப் போனார்கள், கலெக்டரும் போலீசும் கூடவர. நான் பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்தேன். பொங்கல் பானையும் பூமாலையுமாகப் பெண்கள். சுற்றிலும் காக்கிச் சட்டை. சாமி கும்பிடப் போகிறவர்களுக்கு யாரிடமிருந்து பாதுகாப்பு? திருடர்களிடமிருந்தா? சாமி கும்பிடுகிறவர்களிடமிருந்து.

சாமி பயம் இல்லாவிட்டால் மனிதன் மனிதனைக் கடித்துத் தின்றுவிடுவான் என்றாரே பெரியப்பா, அவர் பொய் சொல்லவில்லை, அப்படி நம்புகிறார். நான் அவரிடம் ஒன்றுதான் சொன்னேன்.

"பெரியப்பா, அந்த மருத்துவச்சிக் கிழவியைக் கீழே வைக்கச் சொன்னது யார் என்று ஞாபகம் இருக்கிறதா?"

அவருக்கு ஞாபகம் இருந்தது. கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் அவர்தான். முகம் கொஞ்சம் மாறியது. "அது அந்தக் காலம்ப்பா. அவ நல்ல மனுசி. என்னையும் அவதான் எடுத்தா" என்றார்.

நான் உள்ளே போய்ப் பணத்தை எடுத்து வந்தேன். அவர்கள் எழுதி வைத்திருந்த தொகையை ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல் பெஞ்சியின்மேல் வைத்தேன். ரசீதை என் பெயரில் போட வேண்டாம் என்றேன். அந்தக் கிழவியின் பெயரில் போடவேண்டும். இன்னார், மருத்துவச்சி, கீழத்தெரு என்று முழு விலாசத்தோடு போடவேண்டும். கும்பாபிஷேகத்தன்று உபயதாரர்கள் பெயரை ஒலிபெருக்கியில் வாசிக்கும்போது அதையும் அப்படியே வாசிக்கவேண்டும் என்றேன்.

பேரன் பேனா மூடியைக் கழற்றிவிட்டான். "பேரு என்ன, சித்தப்பா?" என்று கேட்டான். பெரியப்பா ரசீதுப் புத்தகத்தின்மேல் கையை வைத்தார்.

"ஊர்ல பெரியவங்களை ஒரு வார்த்தை கேட்டுக்கிடுறேன் தம்பி" என்றார். பணத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்கள். தெருமுனை வரைக்கும் கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தேன். மூன்று வாரமாகிறது. பதில் வரவில்லை. பணம் அலமாரியில் அப்படியே இருக்கிறது.